எந்தச் சாம்பல் அப்பா

"மதி, ஜல்தி வா. எது அப்பான்னே தெரியலை."

அண்ணன் சுதாகர் போனில் சொன்னதும் இளமதி செருப்பைக்கூடத் தேடாமல் ஸ்கூட்டியை எடுத்தாள். பெண்கள் சுடுகாட்டுக்குப் போகக் கூடாது என்று வாசலில் யாரோ சொன்னார்கள். சொல்லட்டும்.

நேற்று ஆற்றோரச் சுடுகாட்டில் இரண்டு பேரை எரித்தார்கள். ஒருவர் அவள் அப்பா சக்கரவர்த்தி, இன்னொருவர் காசியம்மாள் என்ற கிழவி. காலையில் பால் ஊற்றி எலும்பு பொறுக்க வந்தால், அடையாளத்துக்கு நட்ட குச்சிகளை ராத்திரி மழை சாய்த்திருந்தது. காசியம்மாளின் மகன் அன்பரசு இடப்பக்கக் குவியலில் பால் ஊற்றி முடித்த பிறகுதான் சுதாகருக்குச் சந்தேகம் வந்தது.

"சைஸ வச்சி சொல்லலாம்னா, கடைசில அப்பாவும் முப்பத்தெட்டு கிலோவா எளச்சிட்டாரு. இன்னா பண்றது?" என்றான் சுதாகர், அவள் வந்து நின்றதும்.

இளமதி ஆராய்ச்சிப் படிப்புக்காக மூன்று வருடமாக எலி முதல் எருமை வரை கால் எலும்பு அளப்பவள். உடம்பு பெருக்கப் பெருக்க எலும்பு நீளத்தைவிடப் பருமனில்தான் அதிகம் கூடும். எலியை அப்படியே எருமை அளவுக்கு ஊதிவிட்டால் கால் முறிந்துவிடும். இதைச் சொன்னால் அப்பா சிரிப்பார். அரிசி மில்லில் முப்பது வருடம் மூட்டை சுமந்தவர்.

"சதைதாண்ணா எளைக்கும். தொடை எலும்பு மேல உருண்டையா இருக்குமே, இடுப்புல மாட்டிகினு, அது எளைக்காது. ஆம்பளைக்கு அது பெருசா இருக்கும்."

வலப்பக்கச் சாம்பலைக் கிளறினாள். உருண்டை கிடைத்தது. கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் வளைத்துப் பிடித்தாள். விரல்கள் தொட்டுக்கொண்டன. அடுத்தது எப்படி இருக்கும் என்று பார்க்க ஆசையாக இருந்தது. அந்த ஆசை அவளுக்கே வெட்கமாக இருந்தது.

இடப்பக்கத்து உருண்டையில் விரல்கள் எட்டவில்லை. அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"இதுதாண்ணா அப்பா."

அன்பரசு தலையில் கை வைத்துக்கொண்டான். "ஐயோ, எங்கம்மாவுக்குக் கொண்டாந்த பால உங்கப்பாவுக்கு ஊத்திட்டேங்களே. சொம்புல ஒரு சொட்டு இல்லீங்க."

சுதாகர் தங்கையைப் பார்த்தான். பிறகு தன் கையிலிருந்த பால் சொம்பை அவனிடம் நீட்டினான்.

"இத ஊத்துங்க. எங்கப்பாவுக்குத்தான் ஆயிடுச்சே."

அன்பரசு வலப்பக்கம் போய்க் குனிந்து ஊற்றினான். ஈரச் சாம்பலில் பால் மெல்ல இறங்கியது. சுதாகர் மண்பானையைத் தங்கையின் முன்னால் பிடித்தபடி நின்றான்.

இளமதி அந்த உருண்டையிலிருந்து விரல்களை எடுக்கவில்லை.