மூன்று தும்மலில் வந்த மகள்

தையல்காரர் வீட்டுக் கடைக்குட்டியை யாரும் பெறவில்லை. குடும்பக் கணக்கெடுப்பின் ஆறாவது சுற்றில், ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தே முக்காலுக்கு, பல்கலைக்கழகத்தில் படிவங்களைக் கணினியில் ஏற்றிக்கொண்டிருந்த எழுத்தர் மூன்று முறை தும்மினார். அந்த மூன்று தும்மலில் அவள் வந்தாள். பழைய காகிதத் தூசி ஒத்துக்கொள்ளாத அந்த மனிதரை அலுவலகமே ‘தும்மல் சார்’ என்றுதான் கூப்பிடும். முதல் தும்மலில் அவர் விரல் ‘மகள்’ என்பதற்கான எண்ணில் பட்டது. இரண்டாவதில் ‘பெண்’. மூன்றாவதில் வயது நான்கு. அவர் மூக்கைத் துடைத்துக்கொண்டு அடுத்த படிவத்தை எடுத்தார். ஊரின் மறுகோடியில், தையல்காரரின் வெட்டுமேசைக்கு அடியில், துண்டுத்துணிகளுக்கு நடுவே நான்கு வயதுப் பெண் ஒருத்தி எழுந்து உட்கார்ந்து தண்ணீர் கேட்டாள்.

அந்தக் கணக்கெடுப்பைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லிவிட வேண்டும். இரண்டாயிரம் வீடுகளை ஒரே ஒருமுறை சீட்டுக் குலுக்கித் தேர்ந்தெடுத்து, வருடா வருடம் அதே மாதம் அதே வீடுகளுக்குப் போய் அதே கேள்விகளைக் கேட்பார்கள். எத்தனை பேர் இருக்கிறீர்கள், யாருக்கு என்ன வேலை, உடம்பு எப்படி, மனசு எப்படி. பிள்ளைகள் கல்யாணமாகித் தனியே போனால் அங்கேயும் விலாசம் விசாரித்துக்கொண்டு வந்து நிற்பார்கள். சொந்தக்காரன்கூட அப்படி வரமாட்டான். தையல்காரர் வீடு நானூற்றுப் பதினேழாம் எண். தையல்காரர், மனைவி, மூன்று பையன்கள், கல்யாணமே வேண்டாமென்று இருந்துவிட்ட தையல்காரரின் அண்ணன் என்று மொத்தம் ஆறு பேர்.

வந்தவளை யாரும் யாரென்று கேட்கவில்லை. மூன்று ஆண்பிள்ளைகளின் சட்டையைத் துவைத்துத் துவைத்து அலுத்துப்போயிருந்த தையல்காரர் மனைவி, அவளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். அவ்வளவுதான். “நம்ம பாப்பாவா?” என்றான் மூத்தவன். “பின்ன, பக்கத்து வீட்டுப் பாப்பாவா? போய்த் தண்ணி கொண்டாடா” என்றாள் அம்மா. பெரியப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு வந்து, முகவாயைப் பிடித்துத் திருப்பிப் பார்த்து, “மூக்கு அப்படியே என்னுது” என்று தீர்ப்புச் சொன்னார். கணினிப் பதிவில் பெயருக்கு இடம் கிடையாது, எண்கள் மட்டும்தான். அதனால் அவள் பெயரில்லாமல்தான் வந்தாள். பாப்பா என்ற பெயரே பள்ளிக்கூடத்துக்கும் போனது, பிற்பாடு பல்கலைக்கழகத்துக்கும் போனது.

அடுத்த வருடம் வழக்கமாக வரும் கேள்விக்காரம்மா, போன வருட விவரம் அச்சடித்த தாளோடு வந்து உட்கார்ந்து, “போன வருஷம் ஏழு பேர். இப்பவும் ஏழுதானே?” என்றார். தையல்காரர் சுற்றிலும் எண்ணிப் பார்த்துவிட்டு ஏழுதான் என்றார். அது பொய்யில்லை. அந்த மனிதர் பொய் சொல்லிப் பிழைக்கத் தெரியாதவர். இடுப்பு நாற்பது என்றால், முப்பத்தாறு என்று கேட்க ஆசைப்படும் வாடிக்கையாளர் முகத்துக்கு நேராக நாற்பது என்பார். தான் குறட்டை விடுவதையும், கல்யாண வீட்டுக்குப் போகப் பிடிக்காமல் கதவைச் சாத்திக்கொண்டு தூங்கியதையும் கேள்விக்காரம்மாவிடம் ஒன்றுவிடாமல் ஒப்பித்தவர் அவர்.

இதன் சங்கதி எட்டாவது சுற்றில் பிடிபட்டது. அந்த வருடம் தும்மல் சார் ஒரு தையல் இயந்திரத்தை இரண்டு என்று பதிந்துவிட்டார். சாயங்காலமே ஜன்னலோரம் புத்தம்புது இயந்திரம் ஒன்று நின்றது. இரண்டு வாரம் ஓகோ என்று ஓடியது. அப்புறம் மேற்பார்வையாளர் தவறைக் கண்டுபிடித்து ஒன்று என்று திருத்தினார். தையல்காரர் ஒரு கால்சட்டையின் இரண்டாவது காலைத் தைத்துக்கொண்டிருக்கும்போதே இயந்திரம் காணாமல் போனது. துணி பொத்தென்று தரையில் விழுந்தது. அவர் காற்றில் மிதித்துக்கொண்டிருந்தார். பையன்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவர் மனைவி மட்டும் சிரிக்கவில்லை. எழுதினால் வருகிறது, திருத்தினால் போகிறது. அவள் பாப்பாவை இழுத்து மடியில் வைத்துக்கொண்டு அன்று முழுக்க இறக்கிவிடவே இல்லை. அன்றிலிருந்து கேள்விக்காரம்மா வந்தால் வீட்டிலேயே ஆடாத ஒரே நாற்காலி அவருக்குத்தான். “ஏழுன்னு நல்லா அழுத்தி எழுதுங்கம்மா” என்று ஒவ்வொரு வருடமும் சொல்லி அனுப்புவாள்.

பாப்பா வளர்ந்தாள். அண்ணன்களோடு சண்டை போட்டாள், பெரியப்பாவிடம் சீட்டாட்டத்தில் ஏமாற்றக் கற்றாள். பதினைந்து வயதில் முதல்முறையாக அவளிடமே தனியாகக் கேள்வி கேட்டபோது, ‘போன வருடத்தைவிட இந்த வருடம் சந்தோஷமா?’ என்பதற்கு யோசிக்காமல் ஆமாம் என்றாள். பிறகு ஒரு வருடம்கூட இல்லை என்று சொன்னதில்லை. புள்ளியியல் படித்தாள். அதே பல்கலைக்கழகத்தில், அதே கணக்கெடுப்பைப் பற்றியே முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்தாள். முப்பது வருடமாக இத்தனை வீடுகள் சலித்துக்கொள்ளாமல் ஏன் பதில் சொல்கின்றன என்பதுதான் அவள் ஆராய்ச்சி. தினமும் கண்ணில் படுகிறவர்கள் கேட்க மறந்துவிடும் ‘எப்படி இருக்கே’ என்பதை வருடத்துக்கு ஒருமுறை ஒருத்தர் வந்து உட்கார்ந்து கேட்கிறாரே, அதற்காகத்தான் என்று அட்டவணை போட்டு நிரூபித்தாள். பழைய பதிவுகள் சரியானவைதானா என்று பார்க்க வேண்டியிருந்ததால், காகிதப் படிவங்களையும் கணினியையும் வரிவரியாக ஒத்துப் பார்த்தாள். அப்படித்தான் நானூற்றுப் பதினேழின் ஆறாவது சுற்றுப் படிவம் கைக்கு வந்தது. தாளில் ஆறு வரி. ஏழாவது வரி வெறுமையாக இருந்தது.

மதியப் பேருந்தில் வீட்டுக்கு வந்து சொன்னாள். மூத்தவன், “கிழிச்சுப் போட்டுட்டு வேலையப் பாரு” என்றான். அவளால் முடியவில்லை. தையல்காரர் வளர்த்த பெண் வேறு எப்படி இருப்பாள்? மற்ற வீடுகளின் பிழைகளை எல்லாம் பட்டியல் போட்டுவிட்டுத் தன்னுடையதை மட்டும் மறைத்தால் ஆராய்ச்சி முழுவதும் பொய் என்றாள். படிவத்தை நெறியாளரிடம் ஒப்படைத்தாள். அந்த அம்மாள் கண்கலங்கினார், ஆனால் விதியை மாற்ற அவருக்கு அதிகாரம் இல்லை. காகிதமும் கணினியும் முரண்பட்டால் வீட்டுக்கே போய்க் குடும்பத் தலைவரிடம் மறுபடி கேட்க வேண்டும். அவர் சொல்வதே முடிவு. அவர் ஆறு என்றால் ஏழாவது வரி அழிக்கப்படும்.

ஞாயிற்றுக்கிழமை காலை கேள்விக்காரம்மா வந்தார். ஓய்வுபெற இரண்டு மாதம் இருந்தது, தலை முழுக்க நரைத்திருந்தது. மடிக்கணினியைத் திறந்து வெட்டுமேசையில் வைத்தார். முந்தின நாள் முழுக்க மூன்று அண்ணன்களும் அப்பாவைச் சுற்றி நின்று கெஞ்சியிருந்தார்கள், ஒரே ஒரு பொய், ஆயுசில் ஒரே ஒரு தடவை என்று. அவர் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தார். பாப்பா புதுப் புடவை கட்டிக்கொண்டு மேசைக்குப் பக்கத்தில் நின்றாள். அம்மா அவள் இடது கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

“ஆறாவது சுற்று, நான் வந்து படிவம் எழுதின சனிக்கிழமை. அன்னிக்கு இந்த வீட்ல எத்தனை பேர் இருந்தீங்க?”

தையல்காரர் அளவுநாடாவைக் கழுத்திலிருந்து எடுத்து மடித்து வைத்தார். “அன்னிக்கு வீட்ல ஆறு பேர்தான் இருந்தோம்.”

கேள்விக்காரம்மா ஆறு என்று தட்டினார். பாப்பாவின் சுண்டுவிரல் தண்ணீர் போலத் தெளிந்தது. அதன் வழியாகப் புடவையின் பூ தெரிந்தது. பிறகு மோதிரவிரல். அவள் அம்மாவைப் பார்த்து, “பரவால்லம்மா, நான் நல்லாத்தான் இருந்தேன்” என்றாள். அம்மா முப்பத்தைந்து வருட மரியாதையைக் காற்றில் விட்டாள். “யோவ்! வாயில என்னய்யா வச்சிருக்கே? அவ நம்ம பொண்ணுய்யா!”

“இரு, நான் இன்னும் முடிக்கலையே” என்றார் தையல்காரர். “வீட்ல இருந்தது ஆறு பேர். ஒருத்தி வெளிய போயிருந்தா. செவ்வாக்கெழம வந்துட்டா.”

கேள்விக்காரம்மா நிமிர்ந்தார். முப்பது வருடமாக மனப்பாடமான கையேட்டைப் பரபரவென்று புரட்டி, பன்னிரண்டாம் பக்கத்தை விரலால் தடவித் தடவிப் படித்தார். கேட்கும் நாளில் தற்காலிகமாக வெளியே இருப்பவரும் அந்தக் குடும்பத்தின் உறுப்பினரே. ஆனால் எங்கே போயிருந்தார் என்று கேட்டு எழுத வேண்டும். படிப்பு, வேலை, மருத்துவமனை, மற்றவை.

“எங்க போயிருந்தா?”

“அது எனக்குத் தெரியாதும்மா. தெரியாததைச் சொல்ல மாட்டேன்” என்றார் அவர். “எங்ககிட்ட வர்ற வழியில இருந்தா. அது மட்டும் தெரியும்.”

கேள்விக்காரம்மா ‘மற்றவை’ என்பதைத் தட்டி, பக்கத்தில் ‘வரும் வழியில்’ என்று எழுதி, ஆறை ஏழாக்கினார். மோதிரவிரல் வந்தது, பிறகு சுண்டுவிரல் நகத்தோடு வந்தது. அம்மா ஒவ்வொரு விரலையும் நெட்டி முறித்துப் பார்த்து, பத்தும் இருக்கிறது என்று உறுதி செய்துகொண்ட பிறகுதான் அழ ஆரம்பித்தாள். பெரியப்பா சட்டென்று தன் மூக்கைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். கேள்விக்காரம்மாவும் அழுதார், ஆனால் மடிக்கணினியை முதலில் மூடிவிட்டு அழுதார்.

பாப்பாவுக்கு அந்த வருடமே பட்டம் கிடைத்தது. ஆராய்ச்சியின் பிழைப் பட்டியலில் நானூற்றுப் பதினேழுக்கு நேராக ‘சரிபார்க்கப்பட்டது, பிழை இல்லை’ என்று இருக்கிறது, யார் வேண்டுமானாலும் நூலகத்தில் பார்க்கலாம். தையல்காரர் வீட்டில் விருந்து வைத்தார்கள். ஓய்வுபெற்று எங்கேயோ இருந்த தும்மல் சாரைத் தேடிப்பிடித்து அழைத்து வந்து ஆடாத நாற்காலியில் உட்கார வைத்தார்கள். மனிதர் கூச்சத்தில் நெளிந்தார். சாப்பிடப் போகும் நேரத்தில், மூலையில் கிடந்த துண்டுத்துணித் தூசி மூக்கில் ஏறி இரண்டு முறை தும்மினார். கூடமே பேச்சை நிறுத்திவிட்டு வாசலைப் பார்த்தது. யாரும் வரவில்லை. அம்மா உள்ளே போய் இன்னும் இரண்டு தட்டு எடுத்து வந்து, துடைத்து, வரிசையில் வைத்தாள்.