பழுது எதுவும் இல்லை

பல் மருத்துவமனையிலிருந்து மறுபடியும் அழைப்பு வந்திருக்கிறது என்றதும் கம்ப்யூட்டர் சர்வீஸ் அலுவலகமே கேலியாகத் தொண்டையைக் கனைத்தது. மதியமானால் சர்வர் படுத்துவிடுகிறதாம். யாராவது எக்ஸ்ரே படம் ஒன்றைத் திறந்தால் போதும், அப்படியே உறைந்து நின்றுவிடுகிறதாம். இதே புகாருக்குச் சின்னவள் ஏற்கெனவே நாலு தடவை போய் வந்தாயிற்று. நாலு தடவையும் அது நல்ல பிள்ளையாக ஓடியது. அவளும் ‘பழுது எதுவும் இல்லை’ என்று எழுதிக் கொடுத்துவிட்டுத் திரும்பினாள்.

“பழுது மிஷின்ல இல்லம்மா, கூப்பிடுற ஆள்கிட்ட இருக்கு,” என்றார் மேலாளர்.

கூப்பிடுகிற ஆள், அங்கே எக்ஸ்ரே எடுப்பவர். சின்னவளுக்கும் அந்தச் சந்தேகம் இருந்தது. நியாயமாகப் பார்த்தால் கோபம் வந்திருக்க வேண்டும். அவளோ போன தடவை சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டு போனாள்.

இதையெல்லாம் அக்காவிடம் மறைக்க முடியுமா? மறுநாள் காலையில் பல் துலக்கி முடிப்பதற்குள் பிடித்துக்கொண்டாள்.

“அத்தானோட ஃபிரெண்ட் தம்பிக்கு உன்னைக் கேட்டு எத்தனை நாளாச்சு! நானும் எவ்வளவுதான் இழுத்தடிக்கிறது? இன்னிக்குப் போறேல்ல, அந்த எக்ஸ்ரேகாரர் கூப்பிடுறது மிஷினுக்கா, உனக்கான்னு தெரிஞ்சுக்கிட்டு வா. மிஷினுக்குன்னா சாயங்காலமே அவங்ககிட்ட சரின்னு சொல்லிடுவேன்.”

அக்கா சொன்னால் செய்துவிடுவாள். அதுதான் அவளிடம் பயம்.

சர்வர் இருந்தது பாதி அறை, பாதி தட்டுமுட்டுச் சாமான் போடும் இடம். அலமாரி நெடுகப் பிளாஸ்டரில் வார்த்த தாடைகள். உள்ளே கால் வைத்தால் ஊரே பல்லைக் காட்டும். எக்ஸ்ரேகாரர் கதவை விரியத் திறந்து, நின்று சுழலும் ஃபேனைப் போட்டு, நாற்காலியைத் துடைத்துத் தயாராக வைத்திருந்தார்.

“நேத்து மதியம்கூட நின்னுடுச்சுங்க. நீங்க வந்தா மட்டும் ஒழுங்கா இருக்கு.”

“என்னைப் பார்த்தா பயம் போல.”

அவர் குனிந்து ஃபேனைச் சரிசெய்தார். ஆனால் காது இரண்டும் சிவந்துவிட்டன. சின்னவள் அதைப் பார்க்காத மாதிரி பார்த்துக்கொண்டாள்.

யாரோ எக்ஸ்ரேக்குக் காத்திருப்பதாக ஆள் வந்து சொல்ல, அவர் மனசில்லாமல் கிளம்பிப் போனார். அவள் நினைவகச் சில்லான ரேமைச் சோதிக்கும் புரோகிராமை ஓடவிட்டாள். ரேமில் எதையாவது எழுதும், திரும்பப் படிக்கும். எழுதியதும் படித்ததும் ஒத்துப்போகாவிட்டால் திரையில் சிவப்பு வரி வரும். ஒரு சுற்று முடிந்தது. சிவப்பு இல்லை. அடுத்ததிலும் இல்லை. அவளுக்கு உள்ளூரக் குஷி. மிஷினில் ஒன்றுமில்லை என்றால் வேறு எதற்காம் இத்தனை அழைப்பு? பழுது அகப்படக்கூடாது என்று வேண்டிக்கொண்டே பழுது தேடிய ஒரே ஆள் உலகத்தில் அவளாகத்தான் இருக்கும்.

அந்த நேரம் பார்த்து டாக்டரம்மா வந்தார்.

“இந்த ஃபேனைக் கொஞ்சம் எடுத்துக்கிறேன்மா. உள்ள ஒருத்தர் வாயைத் திறந்துகிட்டே வேர்த்துக் கொட்டுறார்.”

பல் குடைகிற சத்தம் அவளைத் தொந்தரவு செய்யும் என்று போகிறபோது கதவையும் சாத்திவிட்டுப் போனார். நல்ல மனுஷி. கொஞ்ச நேரத்தில் சின்னவளின் முதுகில் வேர்வை இறங்கியது. திரையில் ஒரு சிவப்பு வரி வந்தது. அதைத் தொடர்ந்து ஒன்று, பிறகு மளமளவென்று.

அவளுக்குச் சப்பென்று ஆகிவிட்டது. அந்த மனிதர் பொய் சொல்லவில்லை. மாய்ந்து மாய்ந்து கூப்பிட்டதெல்லாம் இந்தப் பாழாய்ப்போன பெட்டிக்காகத்தான். இவள்தான் ஊர் சிரிக்க மனக்கோட்டை கட்டியிருக்கிறாள். பேசாமல் ‘பழுது எதுவும் இல்லை’ என்று இன்னொரு தடவை எழுதிவிட்டால் என்ன என்றுகூட ஒரு நொடி தோன்றியது. தோன்றியதற்காகத் தன்னைத் தானே திட்டிக்கொண்டு, சர்வரை நிறுத்தி மின்கம்பியைப் பிடுங்கினாள்.

மணிக்கட்டில் பட்டையை மாட்டி அதன் நுனியைப் பெட்டியின் உலோகத்தில் கவ்வவைத்தாள். உடம்பில் இருக்கும் நிலைமின்சாரம் ரேமைக் கொன்றுவிடும். மூடியைத் திறந்து, சிவப்பு வரி காட்டிய ரேமையும் பக்கத்து ரேமையும் இடம் மாற்றிச் செருகி மறுபடி ஓடவிட்டாள். செருகும் இடத்தில் கோளாறு என்றால் சிவப்பு பழைய இடத்திலேயே வரும். வரவில்லை, அந்த ரேம் போன இடத்துக்கே சிவப்பும் கூடப் போனது. ஆக, ரேம்தான் கெட்டிருக்கிறது. மறுபடியும் மின்சாரத்தை நிறுத்திவிட்டு, பையிலிருந்து அதே அளவு, அதே வேகத்தில் புதியதை எடுத்து, வெட்டுப் பள்ளத்தைப் பார்த்து வைத்து, இரண்டு ஓரத்தையும் கட்டைவிரலால் அழுத்தினாள். பிடிகள் டக்கென்று கவ்வின. வேலையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அழுகைதான் வரும்போல இருந்தது.

எக்ஸ்ரேகாரர் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார்.

“கண்டுபிடிச்சிட்டீங்களா?”

“கண்டுபிடிச்சாச்சு. ரேம் போயிருக்கு, மாத்திட்டேன். சந்தோஷம்தானே?” வெடுக்கென்றுதான் வந்தது.

“ம்,” என்றார். சந்தோஷப்பட்ட முகமாகத் தெரியவில்லை. “ஃபேன் எங்கங்க?”

“உங்க டாக்டரம்மா எடுத்துட்டுப் போயிட்டாங்க. அது போனதும்தான்…” சின்னவள் நிறுத்தினாள். “இருங்க. நான் இல்லாத நாள்ல இந்த ரூம் எப்படி இருக்கும்?”

“சாத்தியே இருக்கும்.”

“அப்போ ஃபேன்?”

அவர் தாடைகளைப் பார்த்தார். அவை பல்லைக் காட்டின.

“அது எங்க வீட்டு ஃபேனுங்க. மொதல் தடவை வந்தப்ப கதவை விரியத் திறந்து போட்டும் ரொம்பப் புழுக்கம்னு சொன்னீங்கல்ல? அதான், நீங்க வர்ற அன்னிக்கெல்லாம் தூக்கிட்டு வந்துடுவேன்.”

“பஸ்லயா?”

“பஸ்லதான். கண்டக்டர் பழக்கமாயிட்டார்.”

சின்னவளுக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. “சூடானாத்தான் இந்த ரேம் தப்பு பண்ணும். நான் வர்றப்பல்லாம் நீங்களே கதவைத் திறந்து, விசிறிவிட்டுக் காப்பாத்தியிருக்கீங்க!”

அவர் திருதிருவென்று விழித்தார். பிறகு மெல்லச் சொன்னார்: “நான் ஒரு தடவைகூடப் பொய்யாக் கூப்பிடலைங்க. ஆனா அது நிக்கிறப்பல்லாம் டாக்டரம்மா தலையில அடிச்சுக்குவாங்க, எனக்கு மட்டும் உள்ளுக்குள்ள சந்தோஷமா இருக்கும். இனிமே அது நிக்காதுல்ல?”

“நிக்காது.”

அவர் தலையை ஆட்டிக்கொண்டார். 

சின்னவள் அங்கேயே நின்று ஃபோனை எடுத்தாள்.

“அக்கா, அவங்ககிட்ட வேண்டாம்னு சொல்லிடு.”

“அப்போ உனக்காகத்தான் கூப்பிட்டாரா?”

“இல்ல, மிஷினுக்காகத்தான்.”

“அப்புறம் என்னடி?”

“ஃபேனைத் தூக்கிட்டு வந்தது எனக்காக.”

எதிரே நின்றவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். கேட்கட்டும் என்றுதான் அவள் வெளியே போகாமல் பேசினாள்.