மிதவைக்குப் பின்னால்

ஏரிக்குள் இறங்கியதும் என் வீட்டுக்காரர் குபாத் முதலில் மூச்சு விட மறந்துபோவார். கழுத்துவரை இறுக்கிப் பிடிக்கும் ரப்பர் உடைக்குள் அவர் நெஞ்சு அடித்துக்கொள்வது கரையில் நிற்கும் எனக்கே தெரியும். பிறகு முகத்தை நீரில் அமிழ்த்துவார். ஓட்டத்தில் அவரைப் பற்றிக் கவலையே இல்லை. சைக்கிளில் கணவாய் ஏறி இறங்குகிறவர். நாற்பது வயதில் நீச்சல் கற்றுக்கொண்டதுதான் வினை. ஏரிக்கரையில் பிறந்தவர்கள் என்று பெயர்தான். எங்கள் ஊரில் பாதிப் பேருக்குக் குதிரை ஏறத் தெரியும், நீந்தத் தெரியாது. எனக்கும் தெரியாது.

நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றையும் ஒரே மூச்சில் முடிக்க வேண்டிய ஒரு பந்தயத்துக்கு அவர் பெயர் கொடுத்திருந்தார். அது ஜூன் நடுவில். மே மாதத்து இஸ்ஸிக்குல் ஏரித் தண்ணீரோ எலும்பைக் கடிக்கும். அதனால் ஓர் ஏற்பாடு. அவர் கரையை ஒட்டியே நீந்துவார். இடுப்பில் கட்டிய ஆரஞ்சு மிதவை பின்னால் வரும். நான் அதைப் பார்த்தபடி கரையோரமாக நடப்பேன். ஏதாவது ஆனால் கையைத் தூக்குவார். தூக்கினால் நான் என்ன செய்துவிட முடியும் என்று நாங்கள் பேசிக்கொண்டதில்லை. பேசினால் இரண்டு பேருக்குமே தைரியம் போய்விடும்.

அன்று பாதி தூரத்தில் மலையிடுக்கிலிருந்து உலான் காற்று கிளம்பியது. எங்கள் ஊரில் உலான் சொல்லிக்கொண்டு வராது. தலைத்துணியை முடிந்துகொள்ள நேரமிருக்காது என்பார்களே, அப்படி. தலையில் கட்டிய துணி கண்ணை மறைத்தது. சரிசெய்துகொண்டு நிமிர்ந்தால் மிதவை முன்னால் போய்க்கொண்டிருந்தது. எட்டி நடந்தேன். அதுவும் வேகமெடுத்தது. சாலையோரத்தில் புகைபோட்ட மீன் விற்கும் புருல் அக்கா கடையிலிருந்து கத்தினாள்.

"என்னடி பெகாயிம், உன் புருஷன் மீனாவே மாறிட்டானா? பிடிச்சுக் கொடு, கயித்துல மாட்டிடுறேன்!"

"முதல்ல உன் மீனுக்கு ஆள் தேடு அக்கா! இவரு மெடலோடதான் வருவாரு!"

எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஓடவே ஆரம்பித்தேன். அலைகளுக்கு நடுவே அவர் கை எழுவதும் விழுவதும் எனக்குத் தெரிந்தன, சத்தியமாகத் தெரிந்தன. நாணல் திட்டில் மிதவை சிக்கி நின்றபோதுதான், அதற்கு முன்னால் யாரும் இல்லை என்பதைப் பார்த்தேன்.

முழங்கால் அளவு நீரில் இறங்கி இழுத்தேன். காற்றைப்போல எடையில்லாமல் வந்தது. இடுப்புப் பட்டையின் கொக்கி திறந்து தொங்கியது.

வந்த வழியே ஓடினேன். ஏரி முழுக்க வெள்ளை அலைகள். ஒவ்வொன்றும் ஒரு கை. கத்தினேன், என் குரல் எனக்கே கேட்கவில்லை. கடவுளே, இந்த ஒரு தடவை, இந்த ஒரு தடவை என்று மட்டும் வாய் சொல்லிக்கொண்டிருந்தது. மீன்கடையில் ஆள் இல்லை. கயிற்றில் மீன்கள் ஆடிக்கொண்டிருந்தன.

கொஞ்சம் தள்ளி, கற்களின் மேல் புருல் அக்கா மண்டியிட்டிருந்தாள். பாவாடை இடுப்புவரை நனைந்திருந்தது. தன் கம்பளிக் கோட்டை எதன்மேலோ போட்டு அழுத்தித் தேய்த்துக்கொண்டிருந்தாள். அந்தக் கோட்டு இருமியது. அருகில் போய் விழுந்தேன்.

குபாத்தின் உதடு நீலம் பாரித்திருந்தது. பற்கள் கிடுகிடுத்ததில் வார்த்தை வர வெகுநேரமாயிற்று.

"கால் இழுத்துக்கிச்சு. பயந்துட்டேன். அதைக் கட்டிப் பிடிச்சுக்கலாம்னு இடுப்புலேர்ந்து கழட்டினேன். காத்து பிடுங்கிட்டுப் போயிருச்சு."

"கூப்பிட்டீங்களா?"

"கூப்பிட்டேன். கையத் தூக்கினேன்." என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். "நீ அந்தப் பக்கமா ஓடிட்டிருந்த."

புருல் அக்கா ஏரியைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள்.

"இன்னும் மூணு வாரம் இருக்கு," என்றார் குபாத், யாரோ கேட்டதுபோல.

நான் அவர் கைகளை எடுத்து என் சட்டைக்குள் வைத்துக்கொண்டேன். இடது கை விரிந்தது. வலது கை மூடியே இருந்தது. அவராலும் திறக்க முடியவில்லை. ஒவ்வொரு விரலாக நான் நிமிர்த்தினேன். உள்ளே ஏரியின் அடித்தரையிலிருந்து அள்ளிய ஒரு பிடி நீர்ச்செடி, வேரோடு.