நாக்சோஸில் இறங்கிய தேனீக்கள்

நாக்சோஸ் துறைமுகத்தில் விடிந்ததிலிருந்தே காற்று விசிறி அடித்துக்கொண்டிருந்தது. அமோர்கோஸ் தீவுக்குப் போகவேண்டிய சின்னக் கப்பல் கரையில் கட்டப்பட்டபடியே ஆடியது. துறைமுகக் காவலர் கையை விரித்துவிட்டார். "இன்னிக்கு இல்லம்மா. நாளைக்கும் சொல்ல முடியாது."

முந்தின இரவு பெரிய கப்பலில் லாரியோடு வந்து இறங்கிய செவஸ்தி திரும்பி நடந்தாள். லாரியின் பின்பக்கம் ஏறி, அடுக்கியிருந்த தேனீப் பெட்டிகளில் ஒன்றில் காதை வைத்தாள். வழக்கமான ரீங்காரம் இல்லை. பூட்டிய அறைக்குள் நெரிபடும் கூட்டத்தின் இரைச்சல்தான் கேட்டது.

எவியா தீவில் அவள் ஊரைச் சுற்றி இருந்த பைன் காடு தீயில் போனபின், தேனீ வளர்த்துப் பிழைத்தவர்கள் பெரும்பாலும் தொழிலை விட்டுவிட்டார்கள். செவஸ்தியின் கணவனும் விட்டுவிட்டு ஏதென்ஸில் பஸ் ஓட்டப் போனான். பெட்டிகளை விற்றுவிட்டு வந்துவிடு என்று போனில் சொல்லிக்கொண்டே இருந்தான். அவள் விற்கவில்லை. அமோர்கோஸின் மலைச்சரிவுகளில் இப்போது தைம் என்ற வாசனைச் செடி பூத்திருக்கும். அந்த ஊதாப் பூவில் ஒரு பருவம் மேய்ந்தால் தேனீக்கள் தேறிவிடும் என்பது அவள் கணக்கு. லாரி ஓட்டக் கணவனின் தம்பி பந்தெலிஸ் வந்திருந்தான். முணுமுணுத்துக்கொண்டுதான் வந்தான்.

"அண்ணி, நிழல்ல நிறுத்திட்டு ஒரு காபி குடிப்போம். காத்து அடங்கட்டும்."

"காத்து அடங்குற வரைக்கும் இதுங்க உயிரோட இருக்காது. வெயில் ஏறிட்டா மெழுகு உருகிடும். வண்டியை எடு."

"எங்க போறது? நமக்கு இந்தத் தீவுல யாரைத் தெரியும்?"

"தெரிஞ்சுக்கலாம். எடு."

தீவின் உட்பக்கம் ஏறினார்கள். முதலில் கண்ட உருளைக்கிழங்கு வயலில் நிறுத்தி, ஓரமாக இடம் கேட்டாள். வயல்காரர் லாரியைப் பார்த்தார், அதன்மேல் சுற்றிக்கொண்டிருந்த தேனீக்களைப் பார்த்தார். "என் ஆளுங்க கிழங்கு தோண்டுறதா, ஓடுறதா?" என்று கேட்டுவிட்டுத் திரும்பிப் போய்விட்டார். அடுத்த ஊரில் கதவையே திறக்கவில்லை. வளைவு ஒன்றில் பந்தெலிஸ் இறங்கிப் பார்த்தபோது, லாரியின் பலகை இடுக்கிலிருந்து தேன் சாலையில் சொட்டிக்கொண்டிருந்தது.

"ஒரு பெட்டி போச்சு அண்ணி."

செவஸ்தி விரலால் தொட்டுப் பார்த்தாள். தேன் சூடாக இருந்தது. குடிக்க வைத்திருந்த தண்ணீர் முழுவதையும் பெட்டிகளின் வலைமேல் தெளித்தாள். "நாம அப்புறம் குடிச்சுக்கலாம்" என்றாள்.

மலையைத் தாண்டியதும் காற்று சட்டென்று விட்டது. கீழே பள்ளத்தாக்கில், தானிய தேவதை தெமேத்தரின் பழைய கோயில் பளிங்குத் தூண்களோடு நின்றது. கூரை இல்லை, பாதிச் சுவர் இல்லை. வேலிக்கு அந்தப் பக்கம் உழாமல் கிடந்த நிலத்தில் ஒரு கிணறு இருந்தது. கல்லுக்குக் கல் தைம் புதர்கள்.

"இதான்" என்றாள் செவஸ்தி.

கோயில் வாசலில் காவல் இருந்த பெண் நாற்காலியை விட்டு எழுந்து வந்தாள். ஆர்கிரோ என்று சட்டையில் பெயர் குத்தியிருந்தது. தடித்த கண்ணாடி, இடுப்பில் சாவிக்கொத்து.

"கோயில் இடத்துல முடியாது. சொல்லிட்டேன். நீங்க அழுதாலும் முடியாது."

"நான் அழுவேன்னு யார் சொன்னா? வேலிக்கு அந்தப் பக்கம் யார் நிலம்?"

ஆர்கிரோ கொஞ்சம் தயங்கினாள். "என் வீட்டுக்காரரோடது."

"அப்ப வேலை முடிஞ்சுதே. ஒரு போன் போடுங்க."

"ரெண்டு வருஷமா நாங்க பேசுறதில்ல. அவர் மேல்ஊர்ல, நான் கீழ்ஊர்ல. நம்பர் தரேன், நீங்களே பேசிக்கோங்க."

செவஸ்தி போட்டாள். மணி அடித்து அடித்து நின்றது. திரும்பவும் போட்டாள். எடுக்கவில்லை.

"தெரியாத நம்பர்னா அந்த ஆள் எடுக்க மாட்டார்" என்றாள் ஆர்கிரோ, வேறு பக்கம் பார்த்தபடி.

செவஸ்தி அவள் மணிக்கட்டைப் பிடித்து லாரிக்கு இழுத்துப் போனாள். அவள் தலையை மெல்ல அழுத்தி, பெட்டியின்மேல் காதை வைக்கச் செய்தாள். "கேளுங்க. இது கத்துற சத்தம். நிலத்தை நான் எடுத்துட்டுப் போகப் போறதில்ல. உங்க சண்டை உங்களோட. ஆனா அவரை நீங்கதான் கூப்பிடணும்."

ஆர்கிரோ நிமிர்ந்தபோது முகம் மாறியிருந்தது. கைபேசியை எடுத்தாள். முதல் மணியிலேயே மறுமுனையில் ஆள் வந்தது. அவள் வணக்கம்கூடச் சொல்லவில்லை. விஷயத்தைச் சொன்னாள். மறுமுனையில் பேசியது பக்கத்தில் நின்ற எல்லோருக்கும் கேட்டது.

"தேனீயா? வைக்கச் சொல்லு. உன்கூட இருபது வருஷம் குடித்தனம் பண்ணவனை ஒரு பூச்சி என்ன செஞ்சுடும்?"

"கொட்டு வாங்கிச் சாவு" என்று சொல்லிப் போனை வைத்தாள் ஆர்கிரோ. பிறகு செவஸ்தியிடம், "வைக்கலாமாம்" என்றாள்.

இறக்க ஆரம்பித்தார்கள். பந்தெலிஸின் முகமூடி கிழிந்திருந்தது. முதல் பெட்டியைத் திறந்ததுமே வெக்கையில் தவித்த தேனீக்கள் குபீரென்று எழுந்து அவன் காதையும் கழுத்தையும் பதம் பார்த்தன. "எங்க அண்ணனுக்குத்தான் முதல்ல புத்தி வந்துச்சு. பஸ் கொட்டாது" என்று திட்டிக்கொண்டே தூக்கினான். ஆனாலும் ஒரு பெட்டியைக்கூடக் கீழே போடவில்லை.

பாதி இறக்குவதற்குள் ஜெர்மன்காரர்களை ஏற்றிய சுற்றுலா பஸ் ஒன்று வந்து நின்றது. யாரையாவது கொட்டிவிட்டால் எல்லாம் கெட்டது என்று செவஸ்தி திறந்த பெட்டியை அவசரமாக மூடினாள். ஆர்கிரோ பஸ் கதவை மறித்து நின்று, கோயிலைப் பார்க்குமுன் பக்கத்தில் இருந்த சின்ன அருங்காட்சியகத்தைப் பார்ப்பதுதான் முறை என்று வழிகாட்டியிடம் கறாராகச் சொன்னாள். அப்படி ஒரு முறை எப்போதும் இருந்ததில்லை. ஜெர்மன்காரர்கள் ஒழுங்காக வரிசை கட்டி உள்ளே போனார்கள்.

மத்தியானத்துக்குள் தேனீக்கள் அடங்கின. கிணற்றுத் தொட்டியின் ஈரக் கல்லில் வரிசையாக உட்கார்ந்து தண்ணீர் குடித்தன. மூன்று பெட்டிகள் முழுக்கப் போயிருந்தன. அடை உருகி, தேனும் செத்த தேனீயும் ஒரே கூழாகக் கிடந்தது. செவஸ்தி அதைக் கையால் வழித்துக் குழி தோண்டிப் புதைத்தாள். அப்போதுதான் அவள் தோள் குலுங்கியது. பந்தெலிஸ் பார்க்காதவன்போல் மறுபக்கம் போய்க் கயிறு சுருட்டினான். சிறிது நேரம் கழித்து வந்து, "மிச்சமெல்லாம் வேலை செய்யுது அண்ணி. காலில மகரந்தத்தோட வருது பாருங்க" என்றான்.

மாலையில் ஆர்கிரோ ரொட்டியும் தக்காளியும் பாலாடைக்கட்டியும் கொண்டுவந்தாள். கொஞ்ச நேரத்தில் அவள் கணவர் ஸ்தாமதிஸும் வந்தார். தன் நிலத்தைப் பார்க்க வந்ததாகச் சொன்னார். மனைவியிடமிருந்து நாலு முழம் தள்ளிச் சுவர்மேல் உட்கார்ந்தார். "இங்கேயே வெச்சுக்கோங்களேன். பூ இருக்கு, தண்ணி இருக்கு, அமோர்கோஸ்ல என்ன இருக்கு?"

பந்தெலிஸும் அதையேதான் நினைத்திருந்தான். "ஆமா அண்ணி. எதுக்கு இன்னொரு தடவை சாகணும்?"

"இந்தப் பூ பத்துப் பெட்டிக்குத்தான் காணும். மிச்சம் பட்டினி கிடக்கும்" என்றாள் செவஸ்தி. "நான் அமோர்கோஸ்னு கிளம்பினேன். அங்கதான் போவேன்."

காற்று அடங்கிய அன்று பொழுது சாயும்வரை காத்திருந்து, பெரும்பாலானவை கூடு திரும்பியபின் வாசல்களை அடைத்தார்கள். ஸ்தாமதிஸ் ஒரு முனையும் ஆர்கிரோ மறுமுனையுமாகப் பெட்டி தூக்கினார்கள். "நேராப் பிடி" என்று அவரும், "நீ முதல்ல நேரா நில்லு" என்று அவளும் மாறி மாறிச் சொல்லிக்கொண்டார்கள். வழி தவறி மறுநாள் திரும்பும் தேனீக்களுக்காகச் செவஸ்தி ஒரு பெட்டியைக் கிணற்றடியிலேயே விட்டாள். அது உங்களுக்குத்தான் என்றாள். உங்களுக்கு என்றது இருவரில் யாருக்கு என்று அவள் விளக்கவில்லை.

விடியற்காலையில் கப்பல் கிளம்பியது. அமோர்கோஸில் இறங்கும்போது வெயில் இன்னும் மலைமேல் ஏறவில்லை. அங்கே லாரி போகும் பாதை பாதியிலேயே முடிந்துவிட்டது. அதற்குமேல் கல் அடுக்கிய படிகள்தான். சரிவு முழுக்க ஊதா நிறம்.

பந்தெலிஸ் மேலே அண்ணாந்து பார்த்தான். வீங்கிய காதைத் தடவிக்கொண்டான். "அண்ணி, இதை முதுகுலயா தூக்கணும்?"

"ஆமா" என்றாள் செவஸ்தி. ஏற்கனவே ஒரு பெட்டி அவள் முதுகில் இருந்தது.