சுவருக்குள் போன கேபிள்

பழைய கம்ப்யூட்டர் சாமான்களை வாங்கி விற்கும் கடை அது. கடைக்காரப் பெண் பெட்டியைத் திறந்ததும் மானிட்டருக்கு அடியில் கிடந்த கேபிளைத்தான் முதலில் எடுத்தாள். வாங்கிய நாளில் எப்படிச் சுருட்டி வைத்திருந்தார்களோ அப்படியே, பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல் இருந்தது. எதிரே நின்ற எலக்ட்ரீஷியனுக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. இரண்டு வருடம் வீட்டில் இருந்த பொருள். ஒரு கீறல் காட்டச் சொல்லுங்கள் பார்க்கலாம்.

கூட வேலை செய்பவர்கள் அவரை, சாய்வு பார்க்கிற கருவியின் பேரால், ரசமட்டம் என்றுதான் கூப்பிடுவார்கள். ஒரு சுவிட்ச் போர்டு நூலளவு சாய்ந்திருந்தால் போதும், அதைக் கழற்றி மறுபடி மாட்டாமல் மனுஷனுக்குச் சோறு இறங்காது. கிண்டல் செய்கிறவர்களும் சொந்த வீட்டு வேலை என்றால் அவரைத் தேடித்தான் வருவார்கள். மகனுக்கு இந்த மானிட்டரை ஆசையாக வாங்கிக் கொடுத்ததும் அவர்தான். மகன் கம்ப்யூட்டரில் துப்பாக்கிச் சண்டை ஆடுகிறவன். பொழுதுபோக்கெல்லாம் இல்லை, ஐந்து பேர் அணி சேர்ந்து போட்டிக்குப் போகிற ஆட்டம். பெரிய அணி ஒன்று ஆள் எடுக்கப் போகிறது, சாதாரண மானிட்டர் வினாடிக்கு அறுபது படம்தான் காட்டும், இது இருநூற்று நாற்பது காட்டும், எதிராளி தலையை நீட்டும்போதே தெரிந்துவிடும் என்று மூன்று மாதம் நச்சரித்தான். அவரும் இறங்கி வந்தார். ஒரே ஒரு நிபந்தனை போட்டார், ஒரு ஒயர்கூட வெளியே தொங்கக் கூடாது.

அந்தப் பெரிய அணி அவனை எடுக்கவில்லை. முடிவு வந்த அன்று, "கண்ணுக்கு வர்றதே லேட்டா வருதுப்பா" என்று மெதுவாகத்தான் சொன்னான். அவர் விட்டாரா? தோற்றவன் எவனும் தன் கையைக் குற்றம் சொல்லமாட்டான் என்று ஆரம்பித்து, "உனக்கு இது வராதுடா, விட்டுத் தொலை" என்று முடித்தார். அவனும் விட்டுவிட்டான். இப்போது வேறு ஊரில் ஒரு கிடங்கில் பார்சல் பிரிக்கிறான். அம்மாவிடம் அரைமணி நேரம் பேசுவான், அப்பாவிடம் சாப்பிட்டீங்களா என்பதோடு சரி. போன வாரம்தான் அம்மாவிடம் சொல்லியிருந்தான், அந்த மானிட்டரை விற்றுவிடச் சொல்லுங்கள் என்று.

கடைக்காரப் பெண் திரையைச் சிவப்பு, பச்சை, நீலம், வெள்ளை, கறுப்பு என்று ஒவ்வொரு நிறமாக நிரப்பி, மூக்கு இடிக்கிற மாதிரி குனிந்து, எரியாமல் செத்துப்போன புள்ளி ஏதாவது இருக்கிறதா என்று தேடினாள். ஒன்றும் இல்லை. பிறகு ஏதோ இரண்டு பொத்தான்களைச் சேர்த்து அழுத்தினாள். "நாலாயிரத்து எழுநூறு மணி நேரம் ஓடியிருக்குண்ணே" என்றாள்.

"ஓடும் ஓடும். அவனுக்கு வேற என்ன வேலை" என்றார் அவர்.

"எல்லாம் நல்லா இருக்கு. இந்தக் கேபிளை மட்டும் ஏன் பிரிக்கவே இல்ல?"

நல்ல கேள்வி கேட்டாள் என்று அவருக்கு முகம் மலர்ந்தது. பெட்டியில் வந்த கேபிள் ஒன்றரை மீட்டர், அது எந்த மூலைக்குப் போதும்? சுவரை வெட்டிக் குழாய் பதித்து, தன்னிடம் இருந்த பழைய பத்து மீட்டர் கேபிளை உள்ளே இழுத்து, பூசி, வண்ணமடித்து, மானிட்டரைச் சுவரோடு சுவராக முடுக்கிய கதையை ஆதியோடந்தமாகச் சொன்னார். வீட்டுக்கு வருகிறவர்களை எல்லாம் அந்த அறைக்குக் கூட்டிப்போய், ஒயர் எங்கே, சொல்லுங்கள் பார்ப்போம் என்று கேட்பாராம். யாரும் கண்டுபிடித்ததில்லையாம்.

அவள் சிரிக்கவில்லை. "எத்தனை வருஷத்துக் கேபிள்ணே அது?"

"பத்துப் பன்னெண்டு இருக்கும். அந்தக் காலத்துச் சரக்கும்மா, சுத்தமான செம்பு. ஏன் கேக்கறே?"

"ஒண்ணுமில்லண்ணே."

ஒன்றுமில்லை என்று ஒரு தொழிலாளி சொன்னால் இன்னொரு தொழிலாளிக்குத் தெரியாதா? ஒன்றுமில்லை என்று கூட வேலை செய்பவர்கள் மழுப்புவதை அவர் எத்தனை வீடுகளில் பார்த்திருக்கிறார். "என்னன்னு சொல்லும்மா" என்றார். அவள் தயங்கிவிட்டு, இழுப்பறையிலிருந்து அதே மாதிரி பழைய கேபிள் ஒன்றை எடுத்து மாட்டினாள். திரையில் சோதனைக்கான படம் ஒன்றில் ஒரு மஞ்சள் பஸ் வலமிருந்து இடமாக ஓடியது. ஓரமெல்லாம் ஈரத் துணியால் துடைத்த மாதிரி இழுத்துக்கொண்டு போனது. அமைப்புப் பக்கத்தைத் திறந்து, வினாடிக்கு எத்தனை படம் என்று காட்டினாள். அறுபது. அதற்கு மேல் ஏற்ற இடமே இல்லை. "இந்தக் கேபிளால அவ்வளவுதான் தர முடியும்ணே." பிறகு பெட்டியில் வந்த கேபிளின் உறையைப் பிரித்து மாட்டினாள். இருநூற்று நாற்பது என்று வந்தது.

பஸ்ஸின் ஜன்னல்கள் தெரிந்தன. ஒவ்வொன்றிலும் ஒரு தலை தெரிந்தது.

அவருக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. பெரிய மோட்டாருக்கு மெல்லிய ஒயரைக் கொடுத்து வைத்திருக்கிறார். அதே தப்பைச் செய்ததற்காக, கூட வேலை செய்தவர்களை நடுத்தெருவில் நிற்கவைத்துத் திட்டியவர் அவர். பெட்டியில வந்ததைத்தான் போடணும்ப்பா என்று மகன் ஒருமுறை சொன்னதும், முப்பது வருஷமா ஒயர் இழுக்கிறவனுக்குப் பாடம் எடுக்கிறியா என்று தான் கேட்டதும் வரிசையாக நினைவுக்கு வந்தன. ஸ்டூலை இழுத்து உட்கார்ந்து மகனுக்கு போன் போட்டார்.

"என்னப்பா? அம்மாவுக்கு ஏதாவதா?" பின்னால் வண்டிகள் உருளும் சத்தம் கேட்டது.

"அம்மா நல்லா இருக்கா. டேய், அந்தக் கேபிள்... தப்பு என்னுதுடா."

"தெரியும்ப்பா."

"எப்போ?"

"மாட்டின அன்னைக்கே."

"கழட்டிப் போட்டிருக்கலாமேடா. கத்தியிருக்கலாமே என்கிட்ட."

"சுவத்தைத்தானே உடைக்கணும்? வர்றவங்க போறவங்களை எல்லாம் கூப்பிட்டுக் காட்டிட்டிருந்தீங்க. நான் எப்படிப்பா உடைக்கச் சொல்வேன்." அவன் குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் அவருக்குச் சுலபமாக இருந்திருக்கும். "விடுங்கப்பா. எனக்கும் கை அவ்வளவு வராதுதான்."

"அப்படிச் சொல்லாதடா."

கடைக்காரப் பெண் நாசூக்காக ஒரு வேலையைத் தேடிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். போனை வைத்துவிடுவான் என்று நினைத்தார். வைக்கவில்லை.

"இப்ப இருநூத்தி நாப்பதுல ஓடுதாப்பா?"

"ம்."

"நான் பாத்ததே இல்ல. எப்படி இருக்கு?"

அவர் திரையைப் பார்த்தார். எந்த வேலையைப் பற்றியும் உள்ளதை உள்ளபடி சொல்லித்தான் அவருக்குப் பழக்கம். அதனால் வாடிக்கைக்காரர்களை இழந்ததுகூட உண்டு.

"அப்படி ஒண்ணும் பெரிய வித்தியாசம் இல்லடா" என்றார்.

"அப்படியா" என்றான் அவன். பிறகு, "சரிப்பா, பெல் அடிச்சுட்டாங்க" என்றான்.

பஸ் இடப்பக்க ஓரத்தில் மறைந்து, வலப்பக்கத்திலிருந்து மறுபடி வந்தது. கடைசி ஜன்னலில் ஒரு சின்ன உருவம் கையை வெளியே நீட்டியிருந்தது. ஐந்து விரல்களும் தனித்தனியாகத் தெரிந்தன.