பூட்டை உடைத்தவர்

சாமான் அறைச் சுவரில் பதிந்திருந்த கல்வெட்டில் மேல் ஐந்து வரிகள்தான் வெளியே தெரியும். பஞ்சகாலத்துக்கென்று அரசு சேர்த்து வைத்த தானியக் களஞ்சியத்துக்குக் காவலர் என்று, வீட்டுப் பெரியவருடைய முன்னோர் ஒருவரின் பேரும் பதவியும் அதில் இருந்தன. கீழ் வரிகளை அவருடைய அப்பா சிமெண்டு பூசி மூடியிருந்தார். "யாரையும் சுரண்ட விடாதே, குடும்ப மானம் போயிடும்" என்றாரே தவிர, காரணம் சொல்லாமலே கண்ணை மூடினார்.

இந்த மழைக்கு அந்தச் சிமெண்டு பொருக்குப் பொருக்காக உதிர்ந்துவிட்டது. முதலில் பார்த்தவள் மருமகள். போயும் போயும் அவளுக்கு அருங்காட்சியகத்தில் கல்வெட்டு படிக்கிற வேலை.

எழுத்தைப் படியெடுக்க ஈரத்தாளைக் கல்லில் ஒட்டித் தூரிகையால் தட்டினாள். ஒவ்வொரு தட்டும் பெரியவர் நெஞ்சில் விழுந்தது. அந்தக் காவலர் திருடியிருப்பாரோ? பசித்தவன் வாயில் மண்ணைப் போட்டிருப்பாரோ?

"என்னங்க, வாசலுக்கும் அறைக்கும் பத்து நடை ஆச்சு. பரீட்சை ரிசல்ட்டா வரப்போகுது?" என்றாள் மனைவி.

"நீ சும்மா இரு."

தாள் பாதி காய்ந்ததும் மருமகள் மை ஒற்றினாள். கறுப்புக்குள்ளிருந்து வெள்ளை எழுத்துகள் எழுந்தன. உதடசையப் படித்தவள் சட்டென்று நிறுத்தினாள்.

"சொல்லும்மா, இழுக்காதே."

"மாமா... அவரை வேலையிலிருந்து நீக்கியிருக்காங்க. இனிமே அவர் வம்சத்துக்கே அந்தப் பொறுப்பு கிடையாதாம்."

பெரியவர் பக்கத்து மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டார். "என்ன தப்பு பண்ணினாராம்?"

"அரசு ஆணை வந்தாத்தான் களஞ்சியத்தைத் திறக்கணும். இவர் அதுக்கு முன்னாடியே பூட்டை உடைச்சு, பஞ்சத்துல கிடந்த ஊருக்கு அளந்து கொடுத்துட்டார்."

முப்பத்தாறு வருஷம் நீதிமன்ற எழுத்தராக இருந்தவர் பெரியவர். ஆணை நடக்கிற நடை தெரியும். "ஆணை எப்ப வந்துச்சு?"

மருமகள் கீழ் வரிக்குக் குனிந்தாள். "பூட்டை உடைச்ச நாற்பதாம் நாள், மாமா."



"வேணும்னா அருங்காட்சியகப் பதிவுல மேல் வரிகளை மட்டும் எழுதட்டுமா?" என்றாள் மருமகள் மெல்ல.

"எதுக்கு? எங்கப்பா யாரையோ கூட்டிவந்து படிக்கச் சொல்லியிருப்பார். வேலை போச்சுன்னதோட காதைப் பொத்திக்கிட்டார் போல." பெரியவர் எழுந்து, சட்டையில் படிந்த தூளைத் தட்டிவிட்டார். "மிச்ச சிமெண்டையும் சுரண்டிடு. வேலை போனதை முதல்ல எழுது. நாற்பது நாளை அதுக்கு அடுத்த வரியிலேயே எழுது."