அலகுக்குள் சொன்னது

வைத்தியரின் மெழுகு அங்கியைக் காடியால் துடைப்பதும், அவருடைய பறவை முகமூடியின் நீண்ட அலகுக்குள் தினமும் புது மூலிகை அடைப்பதும் மெனேகோவின் வேலை. புதினா, கிராம்பு, கற்பூரம். கெட்ட காற்று மூக்கு வழியாகத்தான் நோயைக் கொண்டுபோகிறது, அலகு அதை வடிகட்டிவிடும் என்பார் வைத்தியர். அந்தக் கோடையில் வெனிஸில் கொள்ளைநோயில் தெருத் தெருவாகச் செத்தார்கள். வைத்தியருக்குத் தும்மல்கூட வரவில்லை. மெனேகோ வேறு எதை நம்புவான்?

மனைவி ஓர்செட்டாவுக்கு அக்குளில் கட்டி வந்ததை அவன் யாரிடமும் சொல்லவில்லை. தெரிந்தால் நோயாளிகளின் தீவுக்குப் படகேற்றிவிடுவார்கள். மூன்றாம் நாள் மதியம், வைத்தியர் கண்ணயர்ந்த நேரம் பார்த்து, முகமூடியைச் சாக்கில் சுருட்டிக்கொண்டு வீட்டுக்கு ஓடினான்.

காய்ச்சலிலும் அவள் சிரித்தாள்.

"யோவ், என்னய்யா இது, கொக்கு மூஞ்சி? என்னை மீன் புடிக்க அனுப்பப் போறியா?"

"பேசாம போட்டுக்க. சாயங்கால மணி அடிக்கறதுக்குள்ள திருப்பி வச்சுடணும். அதுவரைக்கும் நல்ல காத்தா இழு."

வாரைப் பின்மண்டையில் இறுக்கிக் கட்டினான். கொஞ்ச நேரத்தில் அவள் கை வாரைத் தேடிப் போனது. பழகிவிடும் என்று பிடித்து இறக்கினான். மறுபடியும் போனது. மறுபடியும் இறக்கினான். அவள் உள்ளேயிருந்து ஏதோ சொன்னாள். முகமூடியின் தோலையும் மூலிகையையும் தாண்டி அது வெறும் முனகலாகத்தான் வந்தது. அவள் அடங்கினால் போதும் என்று, "சரி, சரி," என்று தலையாட்டினான். அவள் அடங்கிவிட்டாள். கண்ணாடி வட்டங்களுக்குப் பின்னால் அவள் கண்கள் காத்திருந்தன. பிறகு கண்ணாடி மங்கிப்போனது.

மணி அடித்தபோதுதான் தன் பிடியில் இருந்த கை சில்லிட்டுக் கனத்துக் கிடப்பது அவனுக்குத் தெரிந்தது.

முகமூடியைத் திருப்பி வைத்த பத்தாம் நாள் வைத்தியருக்கும் அதே கட்டி வந்தது. இரண்டே நாளில் போய்விட்டார். ஒரு நாளும் முகமூடி போடாத மெனேகோவுக்கு ஒன்றும் வரவில்லை. வைத்தியரின் துணிமணிகளை எரிக்கும் வேலையும் அவனிடமே வந்தது. அங்கியை நெருப்பில் போட்டான். முகமூடியை எரிக்கக் கை வரவில்லை. அதைத் தன் முகத்தில் மாட்டிக்கொண்டு வாரை இறுக்கினான்.

"தண்ணி," என்று சொல்லிப் பார்த்தான். "கழட்டு." "பயமா இருக்கு."

உள்ளே இருப்பவருக்கு ஒவ்வொரு சொல்லும் தெளிவாகத்தான் கேட்டது. அவன் தலையாட்டியதும், கேட்டுவிட்டான் என்றுதான் அவள் நினைத்திருப்பாள்.